கூம்பைச் சுற்றி ஒரு வளையம்

திருவல்லிக்கேணியில், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. அங்கே வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள சிறு அறைதான் ஸ்பீக்கர் ரிப்பேர்காரரின் பட்டறை. அப்பா வாங்கிய ஸ்பீக்கர் ஜோடியை ஆட்டோவில் கொண்டுபோயிருந்தேன். "பேஸே இல்லைங்க, தபேலா தகரம் மாதிரி கேக்குது" என்றேன். முன்துணியைக் கழற்றி, பத்து இஞ்சு ஊஃபரின் ஓரத்தை விரலால் தொட்டார். ஃபோம் கறுப்பு மாவாக உதிர்ந்தது.

"ஸ்பீக்கர் சாகல சார். தோலுதான் உரிஞ்சிருக்கு."

மல்டிமீட்டரை வைத்தார். ஆறு ஓம்ஸ் சொச்சம். எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது சரியான கணக்கு. காயில் உயிரோடு இருக்கிறது.

பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே சிக்கிய காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கலாம் என்று 1954-ல் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கரில் காட்டியவர் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர். அந்த முறையில் கூம்பு தளர்வாக மிதக்க வேண்டும். பின்னாளில் பல கம்பெனிகள் அதைப் பிடித்து நிறுத்த மெத்தென்ற பாலியூரிதேன் ஃபோம் வளையத்தைப் போட்டன. அந்த ஃபோமை ஈரக்காற்று தின்றுவிடும். காந்தமும் காகிதக் கூம்பும் ஐம்பது வருஷம் தாங்கும். வளையம் பதினைந்து, இருபதில் போய்விடும். அது கிழிந்தால் அடைத்த பெட்டி ஓட்டைப் பெட்டிதான். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் கேட்கவே வேண்டாம்.

காலை முழுக்கச் சுரண்டல்தான். பழைய பசை, தார்போல் ஒட்டியிருந்தது. துணியில் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டு எடுத்தார். கொஞ்சம் அதிகமானாலும் காகிதம் ஊறிவிடும்.

பிறகு கூம்பின் நடுவிலிருந்த மூடியை பிளேடால் வட்டமாக அறுத்தார். உள்ளே காயிலுக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. பழைய எக்ஸ்ரே பிலிமைக் கீற்றாக வெட்டி, நாலு பக்கமும் செருகினார். இனி காயில் எந்தப் பக்கமும் சாயாது. புது வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டி, காய்ந்த பின்னரே ஃப்ரேமில் ஒட்டினார். மெதுவாகக் காயும் வெள்ளைப் பசை, தப்பினால் நகர்த்திக்கொள்ளலாம்.

மறுநாள் போனேன். கீற்றுகளை உருவிவிட்டு, இரு கட்டைவிரலால் கூம்பைச் சமமாக அழுத்தி, காதைக் கிட்டே வைத்தார். உரசல் இல்லை. ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை பிளஸ்ஸில் தொட்டதும் கூம்பு 'டப்' என்று முன்னே வந்தது. புது மூடியை ஒட்டினார். வற்றிப்போன கண்டென்சர்களையும் மாற்றினார். இன்னொரு ஊஃபரின் வளையம் கொஞ்சம் தெம்பாக இருந்தும் விடவில்லை. "ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா பாட்டு ஒரு பக்கமா சாயும் சார்."

"மறுபடி மக்கிப்போற ஃபோமை ஏன் போடணும்? ரப்பர் போட்டா நிக்குமே?"

"நிக்கும். ஆனா அது கனம், விறைப்பு. இந்த ஊஃபர் இந்த மெதுவுக்குன்னு அளந்து செஞ்சது. ரப்பர் போட்டா அது வேற ஸ்பீக்கர். உங்க அப்பா கேட்டது அது இல்ல."

பெட்டியில் பொருத்துமுன், காந்தத்தின் முதுகில் பென்சிலால் அன்றைய தேதியை எழுதினார். எதற்கு என்று கேட்டேன்.

"அடுத்து தொறக்கிறவனுக்கு."