குனிந்த தலை

ஆடிப்பூரத் தேரோட்டத்தில் அம்மா தேரின் சக்கரங்களை மட்டுமே பார்ப்பாள். 192 அடிக் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும், அண்ணாந்து அதன் உச்சியை அவள் பார்த்து நான் கண்டதில்லை. “குனிஞ்ச தலை நிமிராதவ” என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவே அவளை மெச்சியது. அவளால் கழுத்தை நிமிர்த்த முடியவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

விடியலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாசல் தெளித்து, வேலையில் இறங்கிய பிறகு உடல் இளகிவிடும். “வேலை செஞ்சா வலி போயிடுதுல்ல, அப்புறம் என்ன?” என்பார் அப்பா. ஓய்வில் கூடி அசைவில் குறைவதுதான் இந்த வலியின் அடையாளம் என்பதை என் முப்பத்தெட்டாம் வயதில் அறிந்தேன். அதுவும் கண் மருத்துவர் சொல்லி.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வலக்கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே குத்தியது. மதுரைக்குப் போனேன். கண்ணைப் பார்த்துவிட்டு அந்த மருத்துவர், “காலையில இடுப்பு இறுகிப்போயிருக்குமா?” என்று கேட்டார். ‘பிரசவத்துக்குப் பிறகு எல்லாப் பெண்களுக்கும் வருவது’ என்று பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய வலிக்குப் பெயர் கிடைத்தது: அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். நெடுங்காலம் ஆண்களின் நோயாகவே கருதப்பட்டது. எச்.எல்.ஏ.-பி27 மரபணுவோடு அதற்குள்ள தொடர்பு 1973இல் தெரிந்த பிறகும் அந்த எண்ணம் மெல்லத்தான் மாறியது. பெண்களுக்கு எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியத் தாமதமாகும். படத்தில் இல்லாத வலியை யார் நம்புவார்கள்?

கண் அழற்சி இதில் அடிக்கடி வருவது. அரிதானவை ஓசையில்லாமல் வரும். இதயத்தின் பெருந்தமனி வால்வு தடித்து, வெளியே போன ரத்தம் திரும்பக் கசியலாம். நுரையீரலின் மேல்நுனியில் தழும்பு விழலாம். அதைக் காசநோய் என்று நினைத்துவிடுவதும் உண்டு. முதுகுத்தண்டின் அடியில் பிரியும் நரம்புகள் நலிந்து சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம். ஆண்டுக்கணக்கில் அடங்காத அழற்சியால் சிறுநீரகத்தில் அமிலாய்ட் என்னும் புரதம் படியலாம். அப்போது சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும்.

அம்மாவுக்குக் கால் வீங்கியது. “நுரை நுரையாப் போகுதுடி” என்று ஒருமுறை சொன்னாள். நான் ஆய்வேட்டின் கடைசி இயலில் இருந்தேன். “தண்ணி நிறையக் குடிம்மா” என்றேன். சிறுநீரகம் செயலிழந்துதான் போனாள். எதனால் என்று எழுதிய தாள் எதுவும் வீட்டில் இல்லை.

எனக்கு வால்வில் சிறு கசிவு. ஆண்டுக்கொருமுறை எக்கோ, இடையிடையே சிறுநீரில் புரதம் பார்க்கிறேன். மகள் எழத் தாமதித்தால் ‘சோம்பேறி’ என்று வாய்வரை வருகிறது. விழுங்கிக்கொண்டு, “இடுப்பு இறுகியிருக்கா? அரை மணி நேரத்துக்கு மேலயா?” என்று கேட்கிறேன்.

“ராத்திரி முழுக்க போன் பாத்தேம்மா” என்கிறாள்.