நுவரெலியாவில் ஒரு வீடு பார்த்தோம்

யாழ்ப்பாணத்தவராகிய நாம் வீடு வாங்கப் புறப்பட்டால் முதலிற் பார்ப்பது உறுதியைத்தான். தோம்பு, எல்லை, வழிவாய்க்கால் உரிமை, கிணற்றுப் பங்கு என்று நொத்தாரிசுவிடம் மாதக்கணக்கில் நடப்போம். சுவரைப் பார்ப்பது ஒரு நாழிகை. அதுவும் வெடிப்பு உண்டா, கறையான் உண்டா என்ற அளவிலேயே. வடபகுதிக்கு அது போதும். வெயிலும் கடற்காற்றும் ஆண்டிற் பெரும்பகுதி நம் வீடுகளை உலர்த்திவிடுகின்றன. மாரியிற் செருப்பிலும் புத்தக அட்டையிலும் பூக்கும் பூஞ்சணம் தை வெயிலில் மறைந்துவிடும். மலைநாட்டுக்கோ இந்த அளவுகோல் செல்லாது.

நம் நண்பர் ஒருவர், இளைப்பாறிய உத்தியோகத்தர், தமது பணிக்கொடைப் பணத்தைக் கொண்டு நுவரெலியாவில் ஒரு பழைய வீட்டை வாங்க எண்ணினார். மகளும் மருமகனும் அங்கே தொழில் பார்க்கின்றனர். ஏழு வயதுப் பேத்திக்குத் தொய்வு உண்டு. மாசி மாதத்தில், வானம் வெளுத்து வெயில் எறித்த ஒரு காலையில், அவர் வீட்டைப் பார்த்து மயங்கிவிட்டார். புதிதாகத் தீந்தை பூசிய சுவர், முற்றத்தில் றோசாச் செடிகள், யார்தாம் மயங்கார்? முற்பணம் கொடுக்குமுன் ஆடி மழையில் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று நாம் வற்புறுத்தினோம்.

கண்டி ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 6,000 அடிக்கு மேல். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று பேருந்து வளைந்து வளைந்து ஏற, தேயிலைச் சரிவுகளை முகில் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. நகரை அடைந்தபோது பீதுருதாலகாலை மலை இருந்த இடமே தெரியவில்லை. ஆண்டின் இப்பருவத்திலே தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தை இம்மலைகள் தடுத்து இறக்கிக்கொள்கின்றன.

சாமுவேல் பேக்கர் என்பவர் 1840களில் இங்கு குடியேற்றம் தொடங்கிய பின்னர், ஆங்கிலேயர் தம் நாட்டுப் பாங்கிலே வீடுகளைக் கட்டினர். அவ்வீடுகளிற் கணப்பும் புகைபோக்கியும் இருந்தன. கணப்பு குளிரை மட்டுமா போக்கியது? அறையிலுள்ள ஈரக் காற்றைப் புகைபோக்கி வழியே இழுத்து வெளியேற்றியது. இன்று பல வீடுகளிலே கணப்பை அடைத்துவிட்டார்கள். யன்னலைக் குளிருக்கு அஞ்சிப் பூட்டிவிட்டு, உள்ளேயே சமைத்து, உள்ளேயே துணி உலர்த்துகிறார்கள். அந்த ஆவி குளிர்ந்த சுவரிற் பட்டு ஒடுங்கி நீராகிறது. பூஞ்சணத்தின் வித்திகள் எங்கும் காற்றில் உள்ளன; அவற்றுக்கு வேண்டியது இந்த ஈரலிப்பு ஒன்றே.

மேலைநாடுகளிலே வீடு வாங்குமுன் பூஞ்சணம் பார்ப்பதற்கென்றே பயின்றவர்கள் உளர். நாம் அழைத்துச் சென்றது அவ்வூரில் நாற்பது ஆண்டு கல்லும் சாந்தும் கையாண்ட ஒரு முதிய மேசனாரை. அவர் வீட்டினுள்ளே நுழையவேயில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு முதலில் வெளிப்புறத்தைச் சுற்றினார். பின்புறத்துப் பீலி துருப்பிடித்து, மழைநீர் சுவர் வழியே வழிந்துகொண்டிருந்தது. வெட்டிய மண்திட்டு சுவரோடு அணைந்து, உள்நிலத்துக்கு அரை அடி மேலே நின்றது. பழைய கற்சுவரின்மேற் சீமெந்து பூசியிருந்தார்கள். “சுண்ணாம்புச் சாந்து மூச்சு விடும், ஐயா, சீமெந்து உள்ளே போன தண்ணீரை வெளியே விடாது” என்றார்.

பின்னர் கதவு யன்னல்களை அரைமணி நேரம் பூட்டிவைத்துத் திறக்கச் சொன்னார். பழந்துணியும் ஈரமண்ணும் கலந்தாற்போன்ற ஒரு மணம். வீட்டைக் காத்து நின்றவரின் அனுமதியோடு அலுமாரியை நகர்த்தினோம். அதன் பின்னாலே, புதுத் தீந்தையின்மேலேயே, கரிய புள்ளிகள் கைகள் இரண்டையும் விரித்த அகலத்துக்குப் பரவியிருந்தன. சுவரடியிலே தீந்தை கொப்புளித்திருந்தது. விரலால் அழுத்த, வெள்ளை உவர் உதிர்ந்தது. மேசனார் ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரிலே பொருத்தி நான்கு விளிம்பையும் ஒட்டிவைத்தார். மறுநாட் காலை அதன் உட்புறம், சுவரைத் தொட்ட பக்கம், நனைந்திருந்தது. அறைப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் காற்றின் ஈரம் எனலாம். இது சுவருக்குள் இருந்தே வந்தது.

நாம் கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து ஈரமானி ஒன்றையும் கொண்டுபோயிருந்தோம். வீட்டினுள்ளே சாரீரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே இருத்தல் நன்று என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்தின் அறிவுரை. அங்கே 86 காட்டியது. ஆயினும் அந்த எண் ஒன்றைக் கொண்டு வீட்டைத் தள்ளிவிடலாகாது. ஆடி மாத நுவரெலியாவில் வெளிக்காற்றே ஈரமானது. பீலியும் மண்திட்டும் உவரும் சொன்ன சாட்சியே பெரிது.

இது எவ்வகைப் பங்கசு என்று மாணவர் கேட்பர். பெனிசிலின் தந்ததும் இக்குலத்தைச் சேர்ந்ததொன்றே. வீடு வாங்குவோர்க்கு அந்த ஆராய்ச்சி வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிந்தாலோ மூக்குக்குப் பட்டாலோ போதும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வாழ்வோர்க்குச் சுவாச நோய்களும் தொய்வின் கடுமையும் மிகுதியாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இவ்வளவு பூஞ்சணம் தீங்கற்றது என்று எல்லை வகுக்கவும் அதனால் இயலவில்லை.

விற்பவர் வெளுப்புத்தூள் போட்டுக் கழுவி மீண்டும் தீந்தை பூசித் தருவதாகச் சொன்னார். ஈரம் நிற்கும்வரை பூச்சு உரியும், பூஞ்சணமும் திரும்பும். செத்த பூஞ்சணங்கூட ஒவ்வாதார்க்குத் தொல்லையே. மண்ணை வெட்டித் தாழ்த்தி வடிகால் அமைத்து, பீலியை மாற்றி, சீமெந்தைக் கொத்திச் சுண்ணாம்பு பூசி, ஒரு மாரி கடந்தபின் விலை பேசுவோம் என்றார் நண்பர். விற்பவர் அதற்கு உடன்படாது விலையிலே ஒரு பகுதியைக் குறைத்தார். “விலையைக் குறைத்தால் சுவர் காயுமோ?” என்று கேட்டுவிட்டு நண்பர் எழுந்துவிட்டார்.

அன்று பிற்பகல் சீதா எலியாவில் அம்மனை வணங்கி, ஹக்கலைக்கு அப்பால் வெலிமடை வழியே சிறிது தூரம் சென்றோம். என்ன வியப்பு! சில மைல்களுக்குள் மழை நின்று, வெயில் எறித்து, உலர்ந்த காற்று வீசியது. ஊவாப் பக்கம் இப்பருவத்தில் மழை மறைவுப் பிரதேசம். அங்கே மருமகனார் ஒரு சிறு வீட்டைக் காட்டினார். நாள்தோறும் பேருந்திற் போய்வர வேண்டும். ஆயினும் பிள்ளைக்கு நல்லது என்பது அவர் எண்ணம். மேசனார் மட்டும் தலையசைத்தார். இந்தப் பக்கத்துக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும்; மார்கழியிற் பார்க்காமற் கைநீட்டவேண்டாம் என்றார். முற்பணம் இன்னும் நண்பரின் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. மார்கழி விடுமுறைக்கு ஈரமானியும் கையுமாக மீண்டும் வருவதாக நாமும் சொல்லி வந்திருக்கிறோம்.