காற்று புகுந்த இடம்

இயற்பியல் ஆசிரியனாகப் பதினெட்டு ஆண்டுகள் பாஸ்கல் விதியைக் கற்பித்திருக்கிறேன். மூடிய கலத்திலுள்ள பாய்மத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, மறுநாள் ஒப்பிக்கவும் சொல்லியிருக்கிறேன். ஆனால், 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞரின் அவ்விதி என் கைக்குப் புரிந்தது வகுப்பறையில் அன்று. ஜவ்வாது மலைச் சாலையில்.

அன்று மாலை ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் வழியாக ஆலங்காயத்திற்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வைணு பாப்பு வானாய்வகத்தைக் கடந்து சாலை இறங்கத் தொடங்கியது. ஒரு வளைவில் கிளட்ச் பிடியை அழுத்தினேன். அது எவ்வித எதிர்ப்புமின்றிக் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. எஞ்சினோ சக்கரத்தை விடவில்லை. பதறிப்போய் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை அழுத்தி, பள்ளத்தின் விளிம்பருகே நின்றேன்.

பெரும்பாலான வண்டிகளில் கிளட்சை இயக்குவது கம்பி. என் வண்டியில் திரவம். சில வாரங்களாகவே வண்டியின் அடியில் ஈரம் கசிந்திருந்தது. நான் அதைத் துடைத்தேன். எப்போதோ திறந்துவைத்த புட்டியிலிருந்து எண்ணெயை ஊற்றி நிரப்பினேன். ஏன் குறைகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

சரக்கு வண்டியொன்றில் ஏற்றி ஆலங்காயம் கொண்டு சென்றேன். பட்டறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்த இளைஞனைக் கண்டதும் தயங்கினேன். என்னிடம் படித்தவன், பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். "இவனுக்கு இயற்பியல் ஏறாது" என்று அவன் தந்தையிடம் நான் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அவனுக்கும் நினைவிருந்திருக்கும்.

"வாங்க ஐயா" என்று இருக்கையை இழுத்துப் போட்டான்.

எஞ்சின் பக்கத்திலிருந்த துணை உருளையைக் கழற்றி, அதன் பிஸ்டனை வெளியே எடுத்தான். அதைச் சுற்றியிருந்த ரப்பர் சீல் இறுகி, மயிரிழை போல வெடித்திருந்தது. "திறந்த புட்டியில இருக்கிற பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும் ஐயா. உள்ளே துருப்பிடிக்கும். சீல் போற வழியா ஆயில் வெளியே வரும், காத்து உள்ளே போகும்" என்றான். உருளையின் உட்சுவரில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தான். பெட்ரோலால் கழுவலாமே என்றேன். "ரப்பர் உப்பிடும்" என்று மறுத்து, புதிய பிரேக் ஆயிலாலேயே கழுவினான். புதிய சீலையும் அதிலேயே நனைத்து, அதன் உதடு திரவத்தை நோக்கியிருக்குமாறு பொருத்தினான்.

பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. நான் பிடியை அழுத்திப் பிடித்திருக்க, அவன் கீழிருந்த திருகைச் சற்றே தளர்த்தினான். தெளிந்த குழாயில் குமிழிகள் ஓடின. திருகை இறுக்கிய பின்னரே பிடியை விடச் சொன்னான். மாறிச் செய்தால் காற்று மீண்டும் உள்ளே புகுந்துவிடும். மேலிருந்த கிண்ணம் வற்றாமல் அவ்வப்போது நிரப்பிக்கொண்டான்.

அழுத்திக்கொண்டே கணக்கிட்டேன். துணை உருளையின் விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. விசையும் நான்கு மடங்கு. ஆனால், அதன் பிஸ்டன் நகரும் தொலைவு நான்கில் ஒரு பங்கே. அச்சிறு நகர்வையும் அமுங்கக்கூடிய காற்றுக்குமிழி விழுங்கிவிட்டால் கிளட்சுக்கு என்ன மிஞ்சும்? பதினெட்டு ஆண்டுகள் விசை பெருகுவதை மட்டுமே சொல்லியிருக்கிறேன். அதற்கு ஈடாகத் தொலைவு சுருங்குவதை அழுத்திச் சொன்னதில்லை.

குமிழிகள் நின்றன. பிடி கையில் உறுதியாக எதிர்த்தது.

"அன்றைக்கு உன் அப்பாவிடம் நான் சொன்னது தவறு, தம்பி" என்றேன்.

அவன் நிமிரவில்லை. திருகை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, "இப்போ அழுத்திப் பாருங்க ஐயா" என்றான்.

வெடித்த அந்தச் சீல் இப்போது என் சுண்ணக்கட்டிப் பெட்டியில் இருக்கிறது. பாஸ்கல் விதியைத் தொடங்கும் நாளில் முதலில் அதைத்தான் மாணவர்களின் கையில் கொடுக்கிறேன்.