நான்கெழுத்தில் ஒரு தராசு

கற்றோர் அவையில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நின்ற கதையைச் சொல்லித் தொடங்குவதில் நமக்கு இன்று கூச்சமில்லை. அன்று இருந்தது.

பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்துவிட்டுக் கல்லூரிக்குள் நுழைந்த நமக்கு ஆங்கிலம் என்றாலே அச்சம். அந்த அச்சத்தைப் போக்கியது இலக்கண நூலன்று. ஆங்கில நாளேட்டின் ஒரு மூலையில் வந்த எழுத்துப் புதிர். சில எழுத்துகளைக் கட்டத்துள் இட்டு, இவற்றைக் கொண்டு எத்தனை சொற்கள் ஆக்கலாம் என்று அது கேட்கும். அங்கே நம் உச்சரிப்பைக் கேட்டு நகைப்பார் எவருமில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். ஆங்கிலவழியில் பயின்றவர்க்கும் நமக்கும் அதே எழுத்துகள்தாம், அதே கட்டங்கள்தாம்.

நாளடைவில் வழிமுறைகள் பிடிபட்டன. முதலில் உயிரெழுத்துகளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். எஸ், டி இரண்டும் இருப்பின் அவற்றை இணைத்துச் சொல்லின் தலையிலும் வாலிலும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஐ, என், ஜி மூன்றும் இருப்பின் அவற்றை இறுதிக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றுள் வினைச்சொல்லைத் தேட வேண்டும். எஸ், டி, ஓ, பி என்னும் நான்கு எழுத்துகள் ஸ்டாப், போஸ்ட், ஸ்பாட், டாப்ஸ், பாட்ஸ், ஆப்ட்ஸ் என்று ஆறு சொற்களாக உருமாறியது கண்டு வியந்தோம்.

இத்தகைய ஆட்டத்தின் பின்னே ஒரு கணக்கும் உண்டு. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே தம் சொல்லாட்டத்தை வகுத்தார். 1948இல் அது ஸ்கிராபிள் என்னும் பெயர் பெற்றது. அதன் 100 வில்லைகளுள் 'ஈ' மட்டும் 12. 'கியூ', 'இஸட்' ஆகியவை ஒவ்வொன்றே. எளிதில் கிடைக்கும் 'ஈ'க்கு ஒரு புள்ளி. அரிதான அவ்விரண்டுக்கும் பத்துப் பத்து.

இனி, நம் கதைக்கு வருவோம். கல்லூரி மன்றப் போட்டி ஒன்றில் ஈ, ஏ, ஆர், டி என்னும் நான்கு எழுத்துகள் தரப்பட்டன. மூன்றெழுத்துச் சொற்களை மளமளவென்று எழுதி முடித்தோம். நான்கெழுத்தும் கூடிய சொற்களாக ரேட், டியர் என்னும் இரண்டோடு மற்றவர் நின்றுவிட்டனர். நாம் டேர் என்னும் மூன்றாவதையும் எழுதினோம். பரிசு நமக்கே கிடைத்தது. அதை வழங்க வந்த பேராசிரியர் மெல்லக் கேட்டார்: "மூன்றாவது சொல்லுக்கு என்ன பொருள், தம்பி?"

பட்டியலைப் பார்த்து மனனம் செய்த சொல் அது. பொருளை நாம் தேடியதே இல்லை. அவை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பாரம் குறைந்திருக்கும் என்று தோன்றிற்று.

அன்றே நூலகத்தில் அகராதியைப் புரட்டினோம். சரக்கை நிறுக்கும்போது கழிக்க வேண்டிய பாத்திரத்தின் எடை என்றிருந்தது. விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அதை நம் அத்தாவிடம் சொன்னோம். எண்ணெய்க்கடை நடத்திய அவர், கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்தறியாதவர். பதில் ஏதும் சொல்லாமல் ஒரு வெறுந்தூக்கை எடுத்துத் தராசின் ஒரு தட்டில் வைத்தார். மறுதட்டில் சிறு கற்களை இட்டு முள்ளை நேராக்கினார்.

"இதைத்தானே சொல்கிறாய் தம்பி? தடை கட்டுவது. பாத்திரத்தின் எடைக்கும் காசு வாங்கினால் அது ஹராம் ஆயிற்றே!"

சிறு வயது முதல் நாள்தோறும் நாம் கண்ட செயல் அது. சொல் நம் நாவில் இருந்தது. பொருள் நம் கடையில் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை. பின்னர் மேலும் தேடியபோது, அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் எறிதல், ஒதுக்குதல் எனப் பொருள்படும் 'தரஹ' என்னும் அரபு வேர் என்றும், ஐரோப்பிய மொழிகள் வழியே அது ஆங்கிலத்தை அடைந்தது என்றும் அறிந்தோம். அந்நியம் என்று அஞ்சிய சொல், நமக்குத் தெரிந்த தெருக்கள் வழியாகவே வந்திருக்கிறது!

எழுத்துகளை மாற்றியடுக்கிச் சொல் தேடும் முறையும் புதிதன்று. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத், 'கிதாபுல் ஐன்' என்னும் அரபு அகராதியை இம்முறையிலேயே திட்டமிட்டார். வேரெழுத்துகளை இயன்ற வகையிலெல்லாம் மாற்றி அடுக்கி, வழக்கில் உள்ளவை இவை, இல்லாதவை இவை என்று பிரித்தார். வேறுபட்ட நான்கு எழுத்துகளை 24 வகையில் அடுக்கலாம். அடுக்கு அனைத்தும் சொல்லாகிவிடுவதில்லை. மக்கள் வாழ்வில் பொருள் பெற்றதே சொல்லாகிறது.

பொருள் அறியாமலும் வெல்லலாமே என்பார் உளர். உண்மைதான். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். நினைவாற்றலின் அரிய சாதனை அது. ஆட்டத்திற்கு அது போதும். மொழி கற்க வந்த நமக்குப் போதாது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, புதிர்களை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தாராளமாக ஆடுங்கள். ஆனால், கண்டெடுத்த சொல்லுக்கு எதிரே அதன் பொருளையும் எழுதுங்கள். அப்பொருளுக்கு நம் வீட்டில், கடையில், வயலில் என்ன பெயர் வழங்குகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு, அதையும் எழுதுங்கள்.

அத்தா இன்று இல்லை. அன்று வாங்கிய பரிசும் எங்கோ போய்விட்டது. அந்த விடுமுறையில் தொடங்கிய குறிப்பேடு மட்டும் நம்மிடம் இருக்கிறது. அதன் முதல் வரி: டேர் – தடை.