அத்தையின் வயல்

மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றுப் பாசனத்தில் இருந்தது அத்தையின் நிலம். மாமா இளம் வயதிலேயே காலமாகிவிட, குத்தகைக்கு விட்டுவிடும்படி உறவுக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அத்தை கேட்கவில்லை, தானே நின்று சாகுபடி செய்தார். பள்ளி விடுமுறைகளில் அவர் பின்னாலேயே வரப்பில் திரிந்ததில்தான் எனக்கு விவசாயத்தின் மேல் தீராத ஆசை வந்தது.

விதைநெல் பிரிக்கும் நாள் எனக்குத் திருவிழா. அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு கோழிமுட்டையைப் போடுவார். அது அடியில் கிடக்கும். கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கரைக்கக் கரைக்க, முட்டை மெல்ல மேலே வந்து நாலணாக் காசு அகலத்துக்குத் தலைகாட்டும். "இப்பக் கொட்டு ஆயி" என்பார். பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். திரண்ட மணி அடியில் தங்கும். மிதந்ததை அரித்தெடுத்துவிட்டு, தங்கியதை உப்புப் போக இரண்டு மூன்று தரம் அலசுவார். பிறகு ஒரு நாள் ஊறல், ஒரு நாள் ஈரச்சாக்குப் போட்டு மூட்டம். சாக்கை விலக்கி என் கையைப் பிடித்து நெல்லுக்குள் விடுவார். உள்ளே கதகதவென்று இருக்கும். வெளியே எடுத்தால் விரலிடுக்கெல்லாம் வெள்ளை முளை.

தை மாதம் வந்தால் உளுந்து. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, மெழுகுபதத்தில் இருக்கும் மண்ணில், நிற்கிற கதிருக்கு ஊடே விதையைத் தெளித்துவிடுவார். உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. நெல் விட்டுப்போன ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்து காய்க்கும்.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் வயலுக்குப் போய்விடுவார். "இன்னிக்கி என்ன வேல, அத்தை?" என்று ஒருமுறை கேட்டேன். "பயிரப் பாக்க வேல வேணுமா?" என்றார்.

அந்தப் பேச்சின் ஆழம் வறட்சியில்தான் புரிந்தது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள், குறுவைக்கு உரிய நாளான ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. போர்வெல் வைத்திருந்தவர்கள் குறுவை நட்டார்கள். அத்தைக்குப் போர்வெல் இல்லை. பயிரில்லாத வயலுக்கும் தினம் போனார். கோடைமழையில் உழுது தக்கைப்பூண்டு விதைத்தார். பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதார். வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது சம்பாவுக்கு மண் தயாராக இருந்தது. 2020-இல் அணை உரிய நாளில் திறந்தபோது, முதுகு வளைந்த வயதிலும் வரப்பில் நின்று குறுவை நடவை நடத்தினார்.

இப்போது அத்தை இல்லை. நிலத்தை நான் பார்க்கிறேன். மூட்டை விலையும் ஆள்கூலியும் என்னையும் கவலைப்பட வைக்கின்றன. ஆனாலும் லாபத்தைக் காட்டி அத்தை எனக்கு இந்த ஆசையை ஊட்டவில்லை. முளையையும் மண்ணையும் தொட்டுப் பார்க்கக் கொடுத்து ஊட்டினார். அதனால்தான் நட்டம் வருகிற வருடத்திலும் இந்த வயலை என்னால் விட முடியவில்லை.