பழைய துப்பாக்கி பழைய சாமானா?



தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழங்காசு சேர்ப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் பழைய துப்பாக்கி சேர்ப்பவர்களும் ஏராளம். அந்த ஆசை இப்போது கைப்பேசி வழியாக நம் தோட்டத்துப் பிள்ளைகளையும் எட்டிவிட்டது. குருபோங்கில் என்னிடம் படித்து, இன்று தொழிற்சாலையில் வேலை செய்யும் பையன் ஒருவன் ஒரு படத்தைக் காட்டிக் கேட்டான்: "சார், நூறு வருசத்துக் கைத்துப்பாக்கி. உள்ளங்கை அளவுதான். பழைய சாமான்தானே? வாங்கி அலமாரியில் வைத்தால் என்ன?"

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதையே கேட்கலாம்.

அவன் காட்டியது 'ரிம்ஃபயர்' வகை. இதன் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்க விளிம்பில் இருக்கும். சுத்தி அந்த விளிம்பை நசுக்கினால் தோட்டா வெடிக்கும். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1857-இல் இந்த வகையில் ஏழு தோட்டா கொள்ளும் சிறிய சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் குழாய் விட்டம் .22 அங்குலம். அதிர்ச்சி குறைவு, விலையும் குறைவு என்பதால் புதிதாகச் சேர்ப்பவர்கள் பலர் இந்த ரகத்தில்தான் தொடங்குகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் தோட்டா அறையின் விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தோட்டா இல்லாமல் விசையை அழுத்தி விளையாடிய துப்பாக்கியில் அந்தத் தழும்பு இருக்கும்.

இதெல்லாம் கேட்கச் சுவையான செய்திதான். ஆனால் வயதானதால் மட்டும் துப்பாக்கி பொம்மையாகிவிடுமா?

அமெரிக்க மத்திய சட்டம் 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியைப் பழம்பொருளாகக் கருதுகிறது. பிரிட்டனிலோ பழைய .22 ரகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. காரணம் எளிது. அதன் தோட்டா இன்றும் கடையில் விற்கிறது. தோட்டா கிடைக்கும்வரை அது ஆயுதம்தான்.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். அதை வழங்குபவர் மாநிலக் காவல்துறைத் தலைவர். உரிமமின்றி வைத்திருந்தால் ஏழு ஆண்டுவரை சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தால் பதினான்கு ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. அலமாரி அழகுக்கு இந்த விலை தகுமா?

நம் சமூகம் இதற்கு முன்பே ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. தமிழரான எஸ். ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1948-இல் அவசரகாலம் வந்தது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு என்று விதி வந்தது. 1949-இல் ரவாங் அருகே கணபதி பிடிபட்டார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும். யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை, வைத்திருந்ததே வழக்கு. இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருடைய அரசியலைப் பற்றி நமக்குள் பல கருத்து இருக்கலாம். ஆனால் ஒரு சிறு துப்பாக்கி ஒரு தொழிலாளர் தலைவரின் உயிரை எடுத்தது என்பதை மறக்கலாமா?

அந்த விதிகள் இன்று இல்லை. அந்தச் சிறையையும் இடித்துவிட்டார்கள். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் சட்டத்தின் கண் இன்றும் கூர்மையாகவே இருக்கிறது.

பெற்றோர்களே, லயத்தை இடிக்கும்போதோ பழைய பெட்டியைத் திறக்கும்போதோ துப்பாக்கியோ தோட்டாவோ கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். பழைய ஆயுதம் பார்க்க ஆசைப்படும் பிள்ளையைப் போர்ட்டிக்சன் இராணுவ அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போங்கள். ஆசை தீரப் பார்க்கட்டும்.

சேர்க்கும் ஆசை நல்ல ஆசைதான். அதை நான் தடுக்கவில்லை. தாத்தாவின் பால் வெட்டும் கத்தி எங்கே? பாட்டி தோளில் சுமந்த காண்டா எங்கே? பால் மங்கு, பழைய சம்பளத் துண்டு, பெரட்டுக்களத்தில் எடுத்த படம் எங்கே? கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்துகொண்டிருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியைப் பாதுகாக்க உலகில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் பாட்டியின் காண்டாவைப் பாதுகாக்க நம்மைவிட்டால் யார் இருக்கிறார்கள்?