சாவி ஸ்டுட்கார்ட்டில்... பூட்டு காஞ்சிபுரத்தில்!

வைகாசி மாதத்து சனிக்கிழமை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் காலை ஏழு மணி. காஞ்சிபுரத்தில் பத்தரை. ‘டிபன் ஆச்சாப்பா?’ என்று மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாள். அதே ஒற்றை டிக். வீடியோ காலில் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கம் மணியே அடிக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒற்றை டிக் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு. சர்க்கரை வேறு. மனசு எங்கெங்கோ ஓடியது. கடைசியில், காசு போனால் போகட்டும் என்று அம்மாவின் பட்டன் போனுக்கு ஐ.எஸ்.டி. போட்டாள்.

“உங்கப்பாவா? தேர் பார்க்கப் போயிருக்கார். காலையிலேர்ந்து நெட் இல்லை. பெட்டியில சிவப்பா ஒரு லைட் மின்னுது” என்றார் அம்மா, சாவகாசமாக.

அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தின் ஏழாம் நாள் தேர். கோயில் இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில் என்றாலும், தேர் பெரிய காஞ்சிபுரத்து ராஜ வீதிகளுக்கு வந்துதான் திரும்பும். அவ்வளவு உயரத் தேர் போக வேண்டுமென்றால் குறுக்கே போகும் ஒயர்களுக்கு வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். மின்சாரத்தை நிறுத்துவார்கள், கேபிள்களை அவிழ்ப்பார்கள், தூக்கிப் பிடிப்பார்கள். அந்தக் களேபரத்தில் பிள்ளையார்பாளையத்துக்கு வரும் கேபிள் ஒன்று அறுந்திருக்கிறது. தேர் போனதும் கரன்ட் வந்துவிட்டது. நெட் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நாள் பிரச்னை. போனை வைக்கும் முன் அம்மா இன்னொன்றும் சொன்னார். “நேத்து கிள்ளான்லேர்ந்து அந்தம்மா பேசினாங்க. ரெண்டு தடவை மெயில் போட்டாங்களாம். ரெண்டும் திரும்பி வந்துடுச்சாம். ‘என்னங்க, தறியை நிறுத்திட்டீங்களா?’ன்னு கேட்டாங்க.”

மகளுக்குச் சுருக்கென்றது.

அப்பா நெசவாளி. பல வருடங்கள் கூட்டுறவு சங்கத்துக்கு நெய்தவர். இப்போது வீட்டிலேயே இரண்டு தறி. மலேசியா, கனடா என்று தெரிந்த குடும்பங்களிலிருந்து கல்யாண ஆர்டர்கள் வரும். வருஷத்துக்குப் பத்தோ பன்னிரண்டோதான். ஆனால், அந்த ஆர்டர்கள்தான் வீட்டின் அடுப்பு. அதற்காக மகள்தான், ஜெர்மனி கிளம்புமுன், அப்பா பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கினாள். பாஸ்வேர்டு போட்டவள் அவள். கணக்கை மீட்பதற்கான போன் நம்பராகக் கொடுத்ததும் அவளுடைய நம்பர். ஃபைபர் இணைப்பு அவள் பெயரில். வைஃபை பாஸ்வேர்டு அவள் பிறந்த தேதி. அப்பாவுக்கு எந்தத் தொந்தரவும் வரக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் அவளே செய்து வைத்தாள்.

அன்று மதியம் தன் புது லேப்டாப்பில் அப்பாவின் மெயிலைத் திறக்கப் பார்த்தாள். புது நாடு, புது கருவி. சந்தேகப்பட்ட கணக்கு, ‘உங்கள் போனுக்கு ஒரு எண் அனுப்புகிறோம்’ என்றது. எந்த போன்? மூன்று வருடங்களுக்கு முன் அவள் பையில் போட்டு மறந்துபோன இந்திய சிம்.

ப்ரீபெய்டு நம்பரை 90 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டு, அதில் 20 ரூபாய்கூட இருப்பு இல்லை என்றால், அந்த இணைப்பு துண்டிக்கப்படலாம் என்பது இந்தியாவில் உள்ள விதி. அதன்பின் குறைந்தது 90 நாள் கழித்து அதே நம்பர் வேறொருவருக்குப் போகலாம். நப்பாசையில் அவள் தன் பழைய நம்பரை அழைத்துப் பார்த்தாள். ஹலோ என்றது முன்பின் தெரியாத ஓர் ஆண் குரல். அவசரமாகக் கட் செய்துவிட்டாள். அப்பாவின் வியாபாரத்துக்கான சாவி இப்போது யாரோ ஒருவர் சட்டைப் பையில்!

நல்லவேளை, இன்னொரு வழி இருந்தது. அப்பாவின் ஸ்மார்ட்போனில் அந்தக் கணக்கு ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. ‘உள்ளே நுழைவது நீங்கள்தானா?’ என்று அந்த போனிலேயே கேட்க வைக்கலாம். ஆனால், வீட்டு வைஃபை செத்துக் கிடக்கிறது. மொபைல் டேட்டாவையோ, காசு போய்விடும் என்று அப்பா ஆன் செய்வதே இல்லை.

சாயங்காலம் மறுபடி ஐ.எஸ்.டி. “மேலேர்ந்து கீழே இழுங்கப்பா. ரெண்டு அம்புக்குறி மேலயும் கீழயுமா இருக்கும். அதைத் தொடுங்க.”

“எதையாவது தொட்டு ஏதாவது ஆயிடப் போகுதும்மா.”

“ஒண்ணும் ஆகாதுப்பா.”

இருபது நிமிடம் ஆனது. அவர் ‘ஆமாம்’ என்பதைத் தொட்டார். ஸ்டுட்கார்ட்டில் மெயில் திறந்தது. மேலே கொட்டை எழுத்தில் ஒரு எச்சரிக்கை: இடம் நிரம்பிவிட்டது.

கூகுள் கணக்கு ஒவ்வொன்றுக்கும் இலவச இடம் 15 ஜி.பி. மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றப்படும் போட்டோக்களும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதே இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். நிரம்பிவிட்டால் புதிய மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். மெயில் வந்து திரும்பிய விஷயம்கூடக் கணக்கின் சொந்தக்காரருக்குத் தெரியாது.

அப்பா ஒவ்வொரு புடவைக்கும் முந்தியை, கரையை, உடலை என்று பத்துப் பன்னிரண்டு போட்டோ எடுப்பார். நூல் நிறம் சரியாக விழவில்லை என்றால் வெயிலில் வைத்து இன்னும் பத்து. கூடவே சொந்தபந்தம் அனுப்பும் காலை வணக்கம் வீடியோக்கள். எல்லாம் தானாகவே ஏறிக்கொண்டிருந்தன.

“போன்ல எச்சரிக்கை வந்திருக்குமேப்பா?”

“இங்கிலீஷ்ல என்னமோ வந்துக்கிட்டே இருந்தது. விளம்பரம்னு தள்ளிவிட்டுட்டேன்.”

ஆறு வாரமாக ஒரு மெயிலும் வரவில்லை. முகூர்த்த மாதங்களில் ஆறு வாரம்! எத்தனை பேர் எழுதினார்கள், யார் யார் வேறு இடம் போனார்கள் என்று இனி கண்டுபிடிக்க வழியே இல்லை. கிள்ளான் அம்மாவுக்கு இந்த வீட்டு போன் நம்பர் தெரியும், அதனால் கூப்பிட்டார். தெரியாதவர்கள், தறி நின்றுவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

நான்காம் நாள் கேபிள்காரப் பையன் வந்தான். அப்பா நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கருப்பு உறையை உரித்தால், உள்ளே தலைமுடி போல ஒரு கண்ணாடி இழை. அறுந்த இரண்டு முனைகளையும் சுத்தமாக வெட்டி, சின்னப் பெட்டி ஒன்றில் எதிரெதிரே வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்டினான் அவன். ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்க்கக்கூட முடியவில்லை, அவ்வளவு மெல்லிசு. “இழை பிணைக்கிற வேலைதானே தம்பி இதுவும்” என்றார் அப்பா. ஆயுள் முழுக்கப் பாவில் அறுந்த இழைகளைப் பிணைத்த கை அவருடையது. பையன் அவருக்கு மோடத்தையும் காட்டிக் கொடுத்தான். ‘எல்.ஓ.எஸ்.’ என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் கேபிளில் கோளாறு, ஆள்தான் வர வேண்டும். சிவப்பு இல்லாமலும் நெட் வரவில்லை என்றால் ஸ்விட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டுப் பார்க்கலாம். அப்பா அதை நெசவுக் கணக்கு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோதுதான் அந்த இன்னொரு போன் வந்தது.

“இன்டர்நெட் கம்பெனியிலேர்ந்து பேசறோம் சார். உங்க பேரை அப்டேட் பண்ணணும். போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்க.” நல்ல தமிழ், மரியாதையான குரல். நம்பரும் வந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று இலக்கம் சொன்ன பிறகு, அடுக்களையிலிருந்து வந்த அம்மா போனைப் பிடுங்கினார். “ஏங்க, அது பேங்க் பேர் போட்டு வந்திருக்குங்க!”

அன்று இரவு மகளிடம் அப்பா சொன்ன பதில்தான் அவளைத் தூங்கவிடவில்லை. “நீயும் அப்படித்தானேம்மா கேப்பே? நம்பர் வரும், படிங்கப்பான்னு.”

உண்மைதான். மூன்று வருடமாக எதற்கெடுத்தாலும் ‘நம்பர் வரும், படிங்க’. எதற்கு என்று அவள் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. போனில் யாராவது கேட்டால் ஓ.டி.பி.யைப் படித்துக் காட்ட வேண்டும் என்று அப்பாவுக்குப் பழக்கிவிட்டது எந்தத் திருடனும் இல்லை, பெற்ற மகள்.

முன்பு வெளிநாட்டுத் தொடர்பு என்றால் நடுவில் தெருவிலேயே ஓர் ஆள் இருப்பார். கடிதத்தைப் படித்துக் காட்டும் தபால்காரர், ‘ஜெர்மனி லைன் கிடைச்சிருச்சு, வாங்க’ என்று கூப்பிடும் பூத்காரர். தந்தியும் 2013 ஜூலையோடு நின்றது. இப்போது நடுவில் ஆள் யாரும் இல்லை. அந்த வேலை முழுக்க வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் தலையில். அவர்களும் அவசரத்தில், கற்றுக்கொடுக்க நேரமில்லாமல், தாங்களே செய்துவிடுகிறார்கள்.

சின்ன வயதில் அவள் அப்பாவின் தறியில் கோர்வைக்கு உட்கார்ந்தவள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் இன்னொரு கை தேவை. ஒரு நாள்கூட அப்பா அவள் கையிலிருந்து நாடாவைப் பிடுங்கித் தானே போட்டதில்லை. தப்பாகப் போனால் அவிழ்த்துவிட்டு, ‘மறுபடி போடு’ என்பார். அந்தப் பொறுமையில் கால்வாசிகூடத் தான் காட்டவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த நான்கு ஞாயிறும் அதற்கே ஒதுக்கினாள். இந்த முறை போனைத் தொட்டது முழுக்க அப்பாவின் விரல்தான்.

முதல் ஞாயிறு, கணக்கு மீட்பு நம்பரை அப்பாவின் சொந்த நம்பருக்கு மாற்றினார்கள். மோடத்துக்கும் மெயிலுக்கும் புதுப் பாஸ்வேர்டு. அதை யோசித்ததும் அப்பாதான். இரண்டாம் ஞாயிறு, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, அவசரத்துக்கான பத்து மாற்று எண்களை எடுத்தார்கள். போன் தொலைந்தாலும் இந்த எட்டு இலக்க எண்களில் ஒன்றைப் போட்டு உள்ளே போகலாம். ஓர் எண் ஒரு முறைதான் செல்லும். பக்கத்துக் கடையில் மெஷின்காரரிடம் கொடுக்காமல், அம்மா தன் கையாலேயே எழுதி, பீரோவில் பத்திரத்தோடு வைத்தார்.

மூன்றாம் ஞாயிறு, குப்பை ஒழித்தல். வேண்டிய புடவைப் படங்களைப் பென்டிரைவில் ஏற்றிய பிறகே அழித்தார்கள். கூகுள் போட்டோஸில் அழித்தால் போனிலும் போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அழித்தவற்றைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கிய பிறகுதான் இடம் கிடைத்தது.

நான்காம் ஞாயிறு ஒரே ஒரு பாடம். ஓ.டி.பி.யை யாருக்கும் படிக்கக் கூடாது. “எனக்கும்தான்ப்பா. நானே கேட்டாலும் சொல்லக் கூடாது.” ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேச வேண்டும் என்று அம்மா அந்த எண்ணைக் காலண்டரிலேயே எழுதிவிட்டார்.

கிள்ளான் அம்மாவுக்கு அப்பாவே மெயில் போட்டார். தமிழில் நான்கு வரி. ‘தறி ஓடிக்கொண்டிருக்கிறது. தபால் பெட்டி நிரம்பியதால் தவறு நேர்ந்தது. மன்னிக்கவும்.’ கல்யாணப் புடவையை அவர் வேறு இடத்தில் சொல்லிவிட்டார். ஆனால், நலங்குப் புடவைக்கு நிறம் கேட்டுப் பதில் வந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அப்பாவின் பெயருக்கு எதிரே மறுபடி ஒற்றை டிக். பதறி ஐ.எஸ்.டி. போடக் கையை வைத்தவள், ஏனோ கொஞ்சம் பொறுத்தாள். முக்கால் மணி நேரத்தில் இரண்டாவது டிக் விழுந்தது. அன்றிரவு வீடியோ காலில் கேட்டாள்.

“நெட் போயிருந்ததாப்பா?”

“ஆமா. சிவப்பு லைட் இல்லை. அணைச்சுப் போட்டேன், வந்துடுச்சு.”

“எனக்குச் சொல்லவே இல்லையேப்பா?”

“சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்லையேம்மா” என்றவர், போனைத் திருப்பித் தறியைக் காட்டினார். அரக்கில் பச்சைக் கரை ஒரு முழம் ஏறியிருந்தது.